அபார்ட்மென்ட் பொதுவிளக்குகளை எல்இடிக்கும் சென்சாருக்கும் மாற்றுவது எப்படி?

சங்கச் செயலாளர் பொறுப்பு கைக்கு வந்த முதல் மாதமே பொதுமீட்டர் பில்லும் வந்துவிடும். உடனே யாராவது ஒருவர் "மாடிப்படிக்கெல்லாம் சென்சார் போட்டுடலாமே" என்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆன்லைனில் பத்து சென்சார் வாங்கி மாட்டுவார்கள். மூன்று மாதத்தில் பாதி எரிந்துகொண்டே இருக்கும், மீதி எரியவே எரியாது. மூன்றாம் மாடிப் பாட்டி இருட்டில் படியில் நின்று கத்திய பிறகு எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் பழைய சுவிட்சுக்கே திரும்புவார்கள். சென்சாரை முதலில் வாங்குவதுதான் இங்கே பிழை. அது நான்காவதாகச் செய்ய வேண்டிய வேலை.

கீழே உள்ளது தமிழ்நாட்டில் 10 முதல் 20 வீடுகள் உள்ள அடுக்ககத்துக்கான வரிசை. தனி வீட்டு மாடிப்படிக்கும் போர்டிகோவுக்கும் கீழே 3-ஆம் எண்ணிட்ட பகுதியிலிருந்து அப்படியே பொருந்தும்.

1. விளக்குகளுக்கு எவ்வளவு போகிறது என்று அளந்து பாருங்கள்

பொதுமீட்டரில் பெரும் பங்கு தண்ணீர் மோட்டாருக்கும் லிஃப்டுக்கும் போகும். விளக்கின் பங்கு தெரியாமல் "பில் பாதியாகும்" என்று கூட்டத்தில் வாக்குக் கொடுத்துவிட்டால், அடுத்த கூட்டத்தில் பதில் சொல்ல முடியாது.

அளக்கத் தனிக் கருவி வேண்டாம். இரவு எட்டு மணிக்கு மேல் மோட்டாரை நிறுத்துங்கள். லிஃப்டை ஐந்து நிமிடம் ஆஃப் செய்யுங்கள். பொதுவிளக்குகள் எல்லாம் எரியட்டும். மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டுத் துடிக்கும். அதன் பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும்: 1600, 3200 என்பது போல. ஒரு நிமிடத்துக்கான துடிப்பை எண்ணி 60,000-ஆல் பெருக்கி, அந்த எண்ணால் வகுத்தால் வாட் கிடைக்கும். 1600 துடிப்பு மீட்டரில் நிமிடத்துக்கு 16 துடிப்பு என்றால் 600 வாட். மூன்று நிமிடம் எண்ணிச் சராசரி எடுத்தால் இன்னும் சரியாக இருக்கும்.

பிறகு ஒரு தாளோடு மாடிக்கு மாடி ஏறி ஒவ்வொரு விளக்கையும் குறியுங்கள்: இடம், வகை, வாட், எத்தனை மணி நேரம் எரிகிறது, சுவிட்ச் எங்கே. பழைய 40 வாட் டியூப்லைட்டை 40 என்று எழுதாதீர்கள். செம்புச் சோக் வைத்த பட்டியில் சோக்கே பத்து வாட்டுக்கு மேல் தின்னும், ஆகவே 50 என்று போடுங்கள்.

2. பில்லையும் தீர்மானத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

கடைசி ஆறு பில்களை, அதாவது ஒரு வருடத்துக்கானதை, எடுத்து வையுங்கள். ஒன்றிரண்டு மட்டும் போதாது. கோடையில் மோட்டார் அதிகம் ஓடும், அந்த மாதங்களோடு மழைக்கால பில்லை ஒப்பிட்டால் கணக்கு பொய் சொல்லும். ஒப்பிடும்போது சென்ற ஆண்டின் அதே இரண்டு மாதத்தோடு ஒப்பிடுங்கள், ரூபாயை விட்டுவிட்டு யூனிட்டைப் பாருங்கள். கட்டணம் இடையில் திருத்தப்பட்டிருக்கும்.

பில்லில் கட்டண வகையையும் ஒருமுறை பாருங்கள். 10 வீடுகளுக்கும் மூன்று மாடிக்கும் மிகாமல், லிஃப்ட் இல்லாத அடுக்ககங்களின் பொது இணைப்புக்கு 2023-ல் குறைந்த கட்டணம் கொண்டுவந்தார்கள். உங்கள் கட்டடம் இதில் அடங்கியும் பழைய வகையிலேயே பில் வந்தால், மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். ஒரு பல்பு கூட மாற்றாமல் கிடைக்கும் மிச்சம் அது.

சங்கத் தீர்மானத்தில் மூன்று விஷயம் இருக்கட்டும்: மொத்தச் செலவு வரம்பு, எந்த விளக்குகள் சென்சாருக்குப் போகாது, உத்தரவாத அட்டைகள் யாரிடம் இருக்கும். இரண்டாவதை எழுதாவிட்டால், கேட் விளக்கு அணைந்துபோன முதல் இரவே சண்டை.

மீட்டர் கணக்கெடுத்த மறுநாளே வேலையைத் தொடங்குங்கள். அப்போதுதான் அடுத்த பில் முழுக்கப் புது விளக்குகளின் பில்லாக வரும். நடுவில் தொடங்கினால் இரண்டு பில்லுக்குக் குழப்பம்.

3. முதலில் எல்இடி

ஒரு கணக்கு பார்ப்போம். மாடிப்படியில் 8, பார்க்கிங்கில் 6, ஆக 14 பழைய டியூப்லைட். தலைக்கு 50 வாட், இரவு 12 மணி நேரம். நாளுக்கு 8.4 யூனிட், 60 நாளுக்கு 504 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 4,032 ரூபாய். (உங்கள் பில்லில் உள்ள விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.)

அதே இடத்தில் 20 வாட் எல்இடி பேட்டன் (பட்டியும் விளக்கும் ஒன்றாகவே வரும் குழல் விளக்கு) போட்டால் 60 நாளுக்கு 202 யூனிட், சுமார் 1,613 ரூபாய். பில்லுக்கு 2,400 ரூபாய் மிச்சம். பேட்டன் ஒன்று 200 முதல் 350 ரூபாய். கூலியும் சேர்த்து 6,000 ரூபாய்க்குள் முடியும். மூன்று பில்லுக்குள் போட்ட பணம் திரும்பிவிடும்.

இதற்கு மேல் மாடிப்படியின் 8 பேட்டன்களுக்கும் ஆளுக்கொரு சென்சார் போட்டு, 12 மணி நேரத்தை 2 மணி நேரமாகக் குறைத்தால் எவ்வளவு? நாளுக்கு 1.6 யூனிட் மிச்சம். சென்சார்கள் சும்மா இருக்கும்போதே தலைக்கு அரை முதல் ஒரு வாட் எடுக்கும், அதைக் கழித்தால் 1.5. பில்லுக்கு 720 ரூபாய். எட்டு சென்சாரும் கூலியும் 5,600 ரூபாய் என்றால் எட்டு பில், கிட்டத்தட்ட ஒன்றரை வருடம். செய்யத் தகுந்ததுதான், ஆனால் அவசரம் இல்லாதது. 9 வாட் பல்பு எரியும் இடத்துக்குத் தனி சென்சார் வைத்தால் பில்லுக்கு 40 ரூபாய் கூட மிஞ்சாது. அங்கே வேண்டாம்.

வாங்கும்போது பெட்டியில் பார்க்க வேண்டியவை:

லூமன், அதாவது விளக்கு தரும் ஒளியின் அளவு. வாட்டைப் பார்த்து வாங்காதீர்கள். 20 வாட் பேட்டன் 2,000 லூமன் தர வேண்டும். வாட்டுக்கு 90 லூமனுக்குக் கீழ் என்றால் வைத்துவிட்டு வாருங்கள். லூமனே அச்சிடாத பெட்டியைத் தொடவே வேண்டாம்.

பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) குறி. ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்த நிறுவனம், எந்தப் பொருள் என்று வரும். பெட்டியில் உள்ள பெயரும் செயலியில் வரும் பெயரும் ஒத்துப்போகிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

திடீர் மின்னழுத்த எழுச்சியை (சர்ஜ்) தாங்கும் திறன். 4 கிலோவோல்ட் என்று போட்டிருந்தால் நல்லது, 2.5-க்குக் கீழே இறங்காதீர்கள். மின்சாரம் போய்த் திரும்பி வரும் அந்த நொடியில்தான் மலிவு விளக்குகள் சாகின்றன.

நிறம். இதைக் கெல்வினில் போட்டிருப்பார்கள்: எண் கூடினால் வெள்ளை, குறைந்தால் மஞ்சள். மாடிப்படிக்கு 4,000 கெல்வின் கண்ணுக்கு இதம். பார்க்கிங்கில் 6,500 இருந்தாலும் பரவாயில்லை. தோட்டம், கேட் பக்கம் 3,000 வையுங்கள். மழை விட்ட மாலையில் ஈசல் கூட்டம் வெள்ளை விளக்கைத்தான் அதிகம் மொய்க்கும்.

பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்னோட்டத்தில் எவ்வளவு உண்மையில் வேலை செய்கிறது என்ற எண்) 0.5 என்று இருந்தால் பலர் பயப்படுகிறார்கள். யூனிட் கணக்கில் வரும் பில்லில் அது தெரியாது. விளக்குகள் ஜெனரேட்டரிலோ இன்வெர்ட்டரிலோ ஓடுகிறது என்றால் மட்டும் 0.9-க்கு மேல் வாங்குங்கள்.

ஒரு கண்ணி: பழைய பட்டியை அப்படியே வைத்துக்கொண்டு எல்இடி டியூபை மட்டும் மாட்டும் குறுக்குவழி. ஸ்டார்ட்டரைக் கழற்ற வேண்டும், சோக்கைத் தாண்டி இணைக்க வேண்டும், டியூப் ஒரு முனையில் மின்சாரம் எடுப்பதா இரு முனையிலுமா என்று பார்த்து வயரை மாற்ற வேண்டும். பின்னால் வேறொருவர் அதே பட்டியில் பழைய டியூபை மாட்டினால் ஷார்ட் ஆகலாம். மிச்சம் நூறு ரூபாய், தலைவலி பல வருடம். பட்டியோடு மாற்றுங்கள்.

மாட்டிய நாளைப் பேட்டனின் முதுகில் அழியாத மை பேனாவால் எழுதுங்கள். உத்தரவாதம் பெரும்பாலும் இரண்டு வருடம். பில் இருக்கும், ஆனால் 14-ல் எது எந்தப் பில்லுக்கு உரியது என்று தெரியாமல் போவதுதான் வழக்கம்.

4. எந்த இடத்துக்கு எந்தச் சென்சார்

கடையில் "மோஷன் சென்சார்" என்று கேட்டால் இரண்டு முற்றிலும் வேறான பொருள்களில் ஒன்றைத் தருவார்கள்.

பிஐஆர்: முன்பக்கம் பால் வெள்ளைக் குமிழி போல இருக்கும். 300 முதல் 600 ரூபாய். உடல் வெப்பத்துக்கும் சுற்றுப்புற வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசம் நகர்வதைப் பார்க்கும். சுவரையோ கண்ணாடியையோ தாண்டிப் பார்க்காது. குறுக்கே நடப்பவரை உடனே பிடிக்கும், தன்னை நோக்கி நேராக வருபவரைத் தாமதமாகத்தான் பிடிக்கும். எனவே படி முடியும் இடத்துக்கு நேர் எதிரே மாட்டாதீர்கள், பக்கவாட்டில் அல்லது கூரையில் வையுங்கள். 2.2 முதல் 3 மீட்டர் உயரம் சரி.

நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் இதில் உண்டு. மே மாத இரவில் படிக்கட்டின் காற்றும் சுவரும் 33, 34 டிகிரியில் இருக்கும். மனிதத் தோலும் அந்தச் சூடுதான். வித்தியாசம் இல்லாதபோது பிஐஆருக்கு ஆள் தெரியாது. டிசம்பரில் ஏழு மீட்டரில் பிடித்தது மே மாதம் மூன்று மீட்டருக்குச் சுருங்கிவிடலாம். சென்சார் கெட்டுவிட்டது என்று கழற்றுகிறார்கள், ஜூலை மழையில் அது தானாகவே சரியாகும். மொட்டைமாடிக்கு அடுத்த கடைசி மாடிப்படியில் இது மிக மோசம், அங்கே பிஐஆர் வேண்டாம்.

மைக்ரோவேவ்: தட்டையாக, மூடியபடி இருக்கும். 500 முதல் 900 ரூபாய். ரேடார் போல அலையை அனுப்பித் திரும்புவதைப் பார்க்கும். வெயிலுக்கு அசராது. ஆனால் மரக்கதவு, கண்ணாடி, மெல்லிய சுவர் எல்லாவற்றையும் ஊடுருவும். வீட்டுக்குள் யாராவது ஹாலில் நடந்தாலும் வெளியே படிவிளக்கு எரியும். லிஃப்ட் கதவு திறந்து மூடினால் எரியும். மரக்கிளை ஆடினாலும், மின்விசிறி சுற்றினாலும் எரியும். சென்சார் போட்ட பிறகும் விளக்கு அணைவதே இல்லை என்ற புகாரில் பெரும்பாலானவை உணர்திறனை முழுக்க வைத்த மைக்ரோவேவ்தான்.

என் பரிந்துரை இப்படி:

மாடிப்படி, நடு மாடிகள்: கூரையில் பிஐஆர், கதவைத் திறந்து வெளியே வருபவரும் கீழிருந்து ஏறுபவரும் இருவருமே கண்ணில் படும் இடத்தில்.

கடைசி மாடிப்படி: உணர்திறன் குறைத்த மைக்ரோவேவ்.

பார்க்கிங்: மைக்ரோவேவ் உள்ளேயே வைத்த பேட்டன், 500 முதல் 800 ரூபாய். ஆள் இல்லாதபோது 10 முதல் 20 சதவீத ஒளியில் நின்று, ஆள் வந்ததும் முழுதாக எரியும் வகையைக் கேட்டு வாங்குங்கள். முழு இருட்டிலிருந்து திடீரென்று எரியும் பார்க்கிங் யாருக்கும் பிடிக்காது, கேமராவுக்கும் ஆகாது. தனி வயரிங் வேண்டாம் என்பது கூடுதல் வசதி.

மீட்டர் அறை, பொதுக் கழிப்பறை: மைக்ரோவேவ். பிஐஆர் வைத்தால் அதிகம் அசையாமல் உட்கார்ந்திருப்பவர் மீது இருட்டு விழும்.

கேட், லிஃப்ட் வாசல், தரைத்தளத்தின் முதல் படி: சென்சாரே வேண்டாம். இரவு முழுக்க எரியட்டும். 20 வாட் விளக்கு இரவு முழுக்க எரிய இரண்டு ரூபாய்தான் ஆகிறது. அதை மிச்சம் பிடித்து ஒருவரை இருட்டில் சாவி தேட விடுவது சிக்கனத்தில் சேராது.

இரவு முழுக்க எரிபவற்றுக்கு, இருட்டினால் ஏற்றி விடிந்தால் அணைக்கும் டே-நைட் சென்சார் ஒன்று போதும், 250 முதல் 500 ரூபாய். காலை எட்டு மணிவரை விளக்கை அணைக்க மறக்கும் வாட்ச்மேன் பிரச்சினை இதோடு தீரும். டைமரும் வைக்கலாம், ஆனால் சென்னையில் நவம்பர் கடைசியில் 5.40-க்கே சூரியன் மறையும், ஜூலையில் 6.40 ஆகும். வருடத்துக்கு நான்கு முறை மாற்றி வைக்க ஆள் வேண்டும். டே-நைட் சென்சாரை அது கட்டுப்படுத்தும் விளக்கின் ஒளியோ தெருவிளக்கின் ஒளியோ படாத இடத்தில் வையுங்கள். பட்டால் விளக்கு எரியும், அந்த ஒளியைப் பார்த்துப் பகல் என்று நினைத்து அணைக்கும், மறுபடி எரியும். விடிய விடிய இதே கூத்து.

5. வயரிங்: எலக்ட்ரீஷியனிடம் முன்கூட்டியே கேட்க வேண்டியவை

வேலையை உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் செய்யட்டும். 14 பேட்டனுக்கு ஒருவரும் உதவியாளரும் ஒரு நாள், சென்சார்களுக்கு இன்னொரு நாள். ஆனால் சென்சாரில் பழக்கமில்லாதவர்கள் பலர், ஆகவே பின்வருபவற்றை நீங்களே கேட்டு உறுதிசெய்யுங்கள்.

நியூட்ரல் இருக்கிறதா? சென்சாருக்கு மூன்று வயர்: பேஸ் (மின்சாரம் வரும் வயர்), நியூட்ரல் (திரும்பிப் போகும் வயர்), விளக்குக்குப் போகும் பேஸ். பழைய சுவிட்ச் போர்டுகளில் பேஸ் மட்டும்தான் வரும். அதனால் சென்சாரைச் சுவிட்ச் இருக்கும் இடத்தில் வைக்காமல் விளக்கின் பக்கத்தில் வைப்பதே எளிது. நியூட்ரல் இல்லை என்று எர்த்தில் இணைக்க யாராவது முன்வந்தால் வேலையை நிறுத்துங்கள். வேறு சர்க்யூட்டின் நியூட்ரலைக் கடன் வாங்கினாலும் ஆர்சிசிபி (மின்கசிவு என்று கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழும்.

மேலும் கீழும் சுவிட்ச் உள்ள இருவழி மாடிப்படி வயரிங்கா? சென்சாருக்குப் போகும் பேஸ் எப்போதும் இருக்க வேண்டும். இருவழி சுவிட்சுக்குப் பின்னால் மாட்டினால், யாரோ ஒருவர் சுவிட்சைத் தட்டியதும் சென்சாரும் செத்துவிடும்.

எந்த பேஸ்? பொது இணைப்பு பெரும்பாலும் மூன்று பேஸ். ஒரே விளக்கை இரண்டு சென்சார்களில் எது பார்த்தாலும் எரிய வைக்க, இரண்டின் வெளிவயரையும் சேர்த்துவிடலாம். ஆனால் இரண்டும் ஒரே பேஸில் இருந்தால் மட்டும். வேறு வேறு பேஸ் என்றால் 400 வோல்ட்டுக்கு மேல் நேருக்கு நேர் மோதும்.

ஒரு சென்சாருக்கு எத்தனை விளக்கு? பெட்டியில் 1,200 வாட் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது குண்டு பல்புக்கு. எல்இடிக்கு 300 வாட் என்று பொடி எழுத்தில் இருக்கும். எல்இடிக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் என்ற உள்சுற்று எரியத் தொடங்கும் கணத்தில் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அதில் சென்சாருக்குள் சுவிட்சாக இருக்கும் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொள்ளும், விளக்கு அணையவே அணையாது. ஒரு சென்சாருக்கு நான்கைந்து 20 வாட் பேட்டனுக்கு மேல் கட்டாதீர்கள்.

இன்வெர்ட்டரில் ஓடுகிறதா? சென்சாரின் பேஸ், நியூட்ரல் இரண்டும் இன்வெர்ட்டர் பக்கத்திலிருந்தே வர வேண்டும். மலிவான சதுர அலை இன்வெர்ட்டரில் சென்சார் தாறுமாறாக நடக்கும்.

6. குமிழ்களைத் திருப்புவது

இதற்கு ஒரு மாலை ஒதுக்குங்கள். இருட்டிய பிறகுதான் செய்ய முடியும். பெரும்பாலான சென்சாரில் மூன்று குமிழ் இருக்கும்: நேரம், வெளிச்சம், உணர்திறன்.

சோதனைக்காக எலக்ட்ரீஷியன் நேரத்தைக் குறைந்தபட்சமான பத்து நொடியிலும், வெளிச்சத்தைச் சூரியப் படத்திலும் (பகலிலும் எரியும் நிலை) வைத்திருப்பார். அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவதுதான் வழக்கம். பத்து நொடியில் ஒரு மாடி ஏற முடியாது.

மாடிப்படிக்கு 90 நொடி வையுங்கள், பெரியவர்கள் நடுவில் நின்று மூச்சு வாங்கும் நேரமும் சேர்ந்து. பார்க்கிங்குக்கு 3 நிமிடம், கழிப்பறைக்கு 5. வெளிச்சக் குமிழை நிலவுப் படத்தின் பக்கம் கொண்டுபோங்கள், ஆனால் முழுக்கத் திருப்பிவிடாதீர்கள். ஜன்னல் இல்லாத படிக்கட்டில் பகலிலும் எரிய வேண்டியிருக்கும், அங்கே நடுவில் நிறுத்துங்கள். உணர்திறனைப் பாதியில் தொடங்குங்கள்.

மின்சாரத்தை இணைத்ததும் பிஐஆர் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை தானே எரிந்து நிற்கும். அது பழுது அல்ல. அதற்குப் பிறகு நீங்கள் பார்வைக்கு வெளியே போய் நின்று, அணைந்ததும் நடந்து பாருங்கள். மெதுவாக நடக்கும் ஒருவரையும் ஒரு சிறுவனையும் நடக்கச் சொல்லுங்கள். விளக்கு எரியத் தொடங்கும் நொடியில் கால் முதல் படியைத் தொட்டிருக்கக் கூடாது. தொட்டுவிட்டால் சென்சாரின் இடம் தவறு, குமிழைத் திருப்பிப் பயனில்லை.

அடுத்த மே மாதம் இதே சோதனையை மறுபடி செய்யுங்கள்.

7. கோளாறு வந்தால்

அணைத்த பிறகும் எல்இடி மங்கலாக மின்னுகிறது: சுவிட்ச் பேஸுக்குப் பதில் நியூட்ரலை வெட்டுகிறது, அல்லது சுவிட்சில் சிறு காட்டி விளக்கு இருக்கிறது. முதலாவது ஆபத்தானது, டெஸ்டர் வைத்துப் பார்த்து மாற்றச் சொல்லுங்கள்.

அணையவே இல்லை: ஒரு நிமிடம் எம்சிபியை இறக்கி ஏற்றுங்கள். சென்சாரின் விளக்கு வயரைக் கழற்றி டெஸ்டரில் பாருங்கள். அருகில் எந்த அசைவும் இல்லாமல், வைத்த நேரம் கடந்த பிறகும் பேஸ் நிற்கிறது என்றால் ரிலே ஒட்டிக்கொண்டது, மாற்ற வேண்டியதுதான். இல்லையென்றால் எதோ அசைவைப் பார்க்கிறது. உணர்திறனைக் குறையுங்கள், பிஐஆர் என்றால் குமிழியின் ஒரு பக்கத்தைக் கறுப்பு டேப்பால் மறையுங்கள். தெரு நாய், பூனை பிரச்சினைக்கும் கீழ்ப்பக்கம் ஒரு துண்டு டேப் போதும்.

ஒளி துடிக்கிறது: போன் கேமராவில் ஸ்லோமோஷன் வைத்துப் பாருங்கள், பட்டை பட்டையாக ஓடினால் டிரைவர் மட்டம். உத்தரவாதத்தில் மாற்றுங்கள். ரெகுலேட்டரில் இணைத்திருந்தால் குற்றம் ரெகுலேட்டருடையது. டிம்மருக்கு ஏற்றது என்று பெட்டியில் போட்டிருக்கும் விளக்கு மட்டுமே அதில் எரியும்.

ஆறே மாதத்தில் பல்பு போகிறது: மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் மாட்டியிருப்பார்கள். எல்இடியின் எதிரி உள்ளே சேரும் வெப்பம். கூண்டைத் திறந்துவிடுங்கள், அல்லது அதற்கென்றே உள்ள மூடிய விளக்கை வாங்குங்கள். மழை படும் இடத்துக்கு ஐபி65 (தூசியும் மழைநீரும் புகாத தரக்குறி) கேளுங்கள்.

8. கழற்றிய டியூப்கள்

பழைய டியூப்லைட், சிஎஃப்எல் இரண்டிலும் பாதரசம் உண்டு. குப்பை வண்டியில் போட்டு உடைக்காதீர்கள், படிக்கட்டின் அடியில் குவித்தும் வைக்காதீர்கள். புது விளக்கு வந்த அட்டைப் பெட்டியிலேயே போட்டு, மின்கழிவு எடுக்கும் பதிவுபெற்ற நிறுவனத்திடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். செம்புச் சோக்குகளைத் தனியாக வையுங்கள். 14 சோக்கின் செம்புக்கு இரும்புக்கடையில் நல்ல விலை கிடைக்கும், எலக்ட்ரீஷியன் மூட்டை கட்டுவதற்கு முன்பே அது சங்கத்துக்குரியது என்று சொல்லிவிடுங்கள்.